நூற்று முப்பத்தொன்பது பவுண்டு

ஜூன் மாதம் பிறந்தால் எனக்குத் தலைவலியும் கூடவே பிறக்கும். ஜூலை முதல் தேதிக்குள் படிவம் போயாக வேண்டும். எங்கள் பட்டறையில் எந்த நச்சு ரசாயனம் எத்தனை பவுண்டு உபயோகமாயிற்று, எத்தனை காற்றில் போயிற்று, எத்தனை தண்ணீரில் போயிற்று என்று வாஷிங்டனிலுள்ள சுற்றுச்சூழல் இலாகாவுக்கு எழுதி அனுப்ப வேண்டும். எழுதியதை யார் வேண்டுமானாலும் கணினியில் தட்டிப் பார்க்கலாம். இருபத்தாறு வருடமாக அதை நிரப்புகிறவள் நான். கையெழுத்துப் போடுகிறவர் முதலாளி. தப்பு வந்தால் திட்டு வாங்குவது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என் பெயர் வெர்லா பௌமா. ஸைடமா முலாம் பட்டறையின் அலுவலகம் என்றால் நானும் ஒரு பழைய காப்பி இயந்திரமும்தான். மேற்கு மிச்சிகனில் நாற்காலி செய்யாத ஊர் கிடையாது. அந்த நாற்காலிக் கால்களில் ஒரு பங்கு பளபளப்பது எங்கள் ஆறு குரோம் தொட்டிகளால். இருபத்திரண்டு பேருக்கு அதுதான் சோறு.

குரோம் தொட்டியில் மின்சாரம் பாயும்போது திரவம் கொதிக்கிற மாதிரி குமிழ் விடும். குமிழ் உடைந்தால் மஞ்சளாக ஒரு ஆவி கிளம்பும். பொல்லாத ஆவி அது. சுவாசித்தவன் மூக்குத் தண்டை உள்ளேயிருந்து அரித்துத் தின்றுவிடும். அதை அடக்க, திரவத்தின்மேல் போர்வை மாதிரி நுரை படர்ந்திருக்க வேண்டும். நுரை வருவதற்கு ஊற்றுகிற மருந்தைப் பட்டறையில் 'சோப்பு' என்போம். சோப்பு என்ற பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. அதில் இருப்பது ஃபுளோரின் ரசாயனம். மண்ணில் மக்காது, நெருப்பிலும் சுலபமாக அழியாது, உடம்புக்குள் போனால் வருடக்கணக்கில் வாடகை தராமல் குடியிருக்கும்.

அந்த ரசாயனம் வருடத்துக்கு நூறு பவுண்டைத் தாண்டினால் படிவத்தில் எழுத வேண்டும். தாண்டாவிட்டால் வேண்டாம். நான் ஒவ்வொரு ஜூனிலும் சோப்பு வாங்கிய ரசீதுகளை எடுத்து, அதில் ரசாயனம் எத்தனை பங்கு என்று பார்த்துக் கணக்குப் போடுவேன். அறுபது, அறுபத்திரண்டு, இப்படித்தான் வரும். போன வருடத்துக்கு அறுபத்தொன்று வந்தது. அப்பாடா என்று கோப்பை மூடியிருப்பேன். இந்த முறை என்ன கிரகமோ, கூட வந்திருந்த விதிமுறையை முழுக்கப் படித்துத் தொலைத்தேன். 'வாங்கியது' என்று அதில் எங்கேயும் இல்லை. 'உபயோகித்தது' என்று இருந்தது. தெரிந்தவர்களை விசாரித்து எழுத வேண்டும் என்றும் இருந்தது. இத்தனை வருடம் ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை நான். வெட்கமாக இருந்தது. எழுந்து தொட்டிப் பக்கம் போனேன்.

தொட்டிகளுக்கு ராஜா லாம்பர்ட் ஹூக்ஸமா. அறுபத்தாறு வயது, மேஸ்திரி. பதினெட்டு வயதில் தொட்டியோரம் நிற்க ஆரம்பித்தவர். அந்தக் காலத்தில் நுரையெல்லாம் கிடையாது. அதனால் லாம்பர்ட்டின் மூக்குத் தண்டில் ஒரு ஓட்டை உண்டு. பட்டறையின் கோடை விருந்தில் குழந்தைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு நாசியில் நூலை விட்டு மறு நாசி வழியாக எடுத்துக் காட்டுவார். குழந்தைகள் வீல் என்று கத்திவிட்டு, இன்னொரு தரம் என்று கேட்கும்.

பின் சுவரோரம் ஒன்பது நீலப் பீப்பாய்கள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. நாங்கள் வாங்குகிற பீப்பாய் வெள்ளை. குனிந்து பார்த்தேன். ஸ்லாகர் முலாம் பட்டறை என்று எழுதியிருந்தது.

"லாம்பர்ட், இது ஏது?"

"ஸ்லாகரோட சோப்பு. பழைய சரக்கு, நல்ல கெட்டி."

"ஸ்லாகர் கடைய மூடி நாலு வருஷம் ஆச்சே?"

"மூடறப்போ குடுத்தான். குப்பைன்னு அனுப்பணும்னா அதுக்குத் தனி லாரி, தனி பேப்பர்னு பொலம்பிக்கிட்டு இருந்தான். ஏன்டா நல்ல சரக்கத் தூக்கிப் போடறேன்னு நான்தான் வண்டில ஏத்திக்கிட்டு வந்தேன்."

"அத என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவாங்க? குளிச்சேன்னு நெனச்சியா? தொட்டில ஊத்தினேன். மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா. போன டிசம்பரோட காலி."

எங்கள் ஊர்க்காரர்களின் தாத்தாக்கள் ஹாலந்திலிருந்து வந்தவர்கள். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கழுவி, கொடியில் காயப்போட்டு, மறுபடி ரொட்டி வைக்கிற ஜாதி. நானும் அப்படித்தான். ஓசியில் வந்த ஒன்பது பீப்பாயை எங்களில் எவரும் வேண்டாம் என்றிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பீப்பாய்களுக்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாததால் என் கணக்கில் அவை மூன்று வருடமாக இல்லவே இல்லை.

நேராக முதலாளியிடம் போனேன். கர்ட் ஸைடமா, நாற்பத்தொரு வயது. டயப்பர் கட்டிய காலத்திலிருந்து ஊரில் நான் பார்க்கிற பையன். நல்லவன்தான். பயந்தவன், அவ்வளவுதான். நாற்காலிக் கம்பெனிக்காரர்கள் இந்த ரசாயனப் பட்டியலில் பெயர் வருகிறவர்களுக்கு வேலை கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நாம வாங்கலியேக்கா அத" என்றான்.

"ஊத்தினோமே."

"எந்த வருஷம் எவ்ளோ ஊத்தினாருன்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்கா?"

"இல்ல."

"அப்ப எத வெச்சு எழுதுவீங்க? காலி பீப்பாயக் கேட்டா அது சொல்லுமா?"

"லாம்பர்ட் சொல்லுவார்."

கர்ட் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்துகொண்டிருந்தான். "லாம்பர்ட் மாமா தன் வாயால சொன்னாருன்னா நான் கையெழுத்துப் போடறேன். பொய்யாப் போட மாட்டேன், எங்கப்பா கல்லறைலேருந்து எழுந்து வந்து அறைவாரு. ஆனா ஞாபகமில்லன்னு அவரு சொல்லிட்டாருன்னா அதோட விட்ருங்க. அவரப் போய்த் தோண்டாதீங்க. இருபத்திரண்டு குடும்பம்க்கா."

அறைக்கு வந்து மாநில சுகாதார இலாகாவுக்குத் தொலைபேசினேன். எங்கள் பெயரைச் சொல்லாமல்தான். எந்தெந்தச் சாலையில் கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். பக்கத்துத் தொழிற்சாலை நூறு பவுண்டுக்கு மேல் எழுதியிருந்தால் அந்த வருடமே ஆள் வரும் என்றாள் போனை எடுத்த பெண். எழுதாத இடம் வரிசையில் நிற்க வேண்டுமாம். எட்டு வருடம், ஒன்பது வருடம் கூட ஆகுமாம்.

பட்டறைக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் பீச்வுட் சாலை. பன்னிரண்டு வீடுகள். நகராட்சிக் குழாய் எங்கள் வாசலோடு நின்றுவிடும், அங்கே எல்லோருக்கும் கிணறுதான். சோப்பும் குரோமுமாக வரும் நாற்காலிக் கால்களைக் கழுவுகிற எங்கள் நீர்த் தொட்டியின் தரை பல வருடம் வெடித்துக் கிடந்து, போன இலையுதிர் காலத்தில்தான் பூசினோம். வெடிப்பு வழியாக இறங்கியது எந்தப் பக்கம் போயிருக்கும் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் போகும். அந்தப் பன்னிரண்டில் மூன்றாவது வீடு லாம்பர்ட்டுடையது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக் காப்பி வேளையில் அவரைப் பின்வாசல் பெஞ்சில் பிடித்தேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார்.

"அடி போம்மா. சோப்புக்கும் கெணத்துக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தத்தைச் சொன்னேன். வெடித்த தரை, சரிவு, அழியாத ரசாயனம். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது.

"ஊத்துங்கன்னு சொன்னதே அவங்கதானே! தொண்ணூத்தேழுல கவர்மெண்டு இன்ஸ்பெக்டர் வந்தான். என் தோளத் தட்டி, 'சபாஷ், நுரை நல்லா கெட்டியா இருக்கு, இப்படியே பாத்துக்குங்க'ன்னுட்டுப் போனான். அவனக் கூப்பிடு, அவனக் கேளு!"

"உங்களக் குத்தம் சொல்ல வரல லாம்பர்ட்."

"வேற எதுக்கு வந்தே? உள்ள போய்ப் பாரு. இருபத்திரண்டு பேர் மூக்கையும் டார்ச் அடிச்சுப் பாரு. ஒருத்தன் மூக்குல ஓட்டை இருந்தா என்னச் செருப்பால அடி. என் மூக்குல ரத்தம் வராத நாளே கெடையாது. முப்பது வயசு வரைக்கும் தலகாணி உறைய என் வீட்டுக்காரி ட்ரூடி தெனமும் துவைப்பா. எவனுக்கும் அது வரக்கூடாதுன்னுதான் ஒரு கை கூடவே ஊத்தினேன். அது தப்பா?"

"தப்பில்ல" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பட்டறையில் தன் மூக்கைக் கொடுத்து இன்னொருவர் மூக்கைக் காப்பாற்றிய மனிதர் அவர் ஒருவர்தான். அவரிடம் போய், நீங்கள் ஊற்றியது உங்கள் சாலைக்கே விஷமாகப் போயிருக்கலாம் என்று சொல்கிற வேலை எனக்கு வாய்த்திருக்கிறது.

"எந்த வருஷம் எவ்ளோன்னு சொல்லுங்க. அது போதும். இருக்கலாம், இல்லாமலும் போகலாம், சோதிச்சாத்தானே தெரியும்."

அவர் கோப்பையைப் பார்த்தார். குடிக்காமல் புல்லில் கவிழ்த்தார்.

"ஞாபகமில்ல" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை நான் வீட்டுக்குப் போனேன். என் வீடு ஊருக்குள், நகராட்சிக் குழாய்த் தண்ணீர். பீச்வுட் சாலையில் ஒவ்வொரு கதவாக நானே தட்டியிருக்கலாம். தட்டவில்லை. தொகை நிச்சயமில்லை, நிரூபணமில்லை, வேலை போய்விடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கர்ட்டைப் பயந்தவன் என்று எழுதினேனே, என்னையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அலுவலகக் கதவைத் திறக்கிறேன், லாம்பர்ட் படியில் உட்கார்ந்திருக்கிறார். சவரம் செய்யவில்லை. கையில் சோப்பு மொள்கிற காப்பித் தகர டப்பா.

"எடை பாரு" என்று மேஜையில் வைத்தார். "ரொப்பி எடுத்துட்டு வந்திருக்கேன், புது சோப்புதான். டப்பா எடையக் கழிச்சுக்க."

தபால் எடை பார்க்கிற தராசில் வைத்தேன். டப்பா போக இரண்டு பவுண்டு.

"எழுதிக்க. ஸ்லாகர் சோப்பு மட்டும். ஆறு தொட்டி. திங்கக்கிழமை ஒரு டப்பா, வியாழக்கிழமை ஒரு டப்பா. ஒவ்வொரு தொட்டிக்கும். வருஷத்துல ரெண்டு வாரம் பட்டறை லீவு. மூணு வருஷமும் இதே கணக்கு, ஒரு நாள் தவறினதில்ல."

கூட்டிப் பார்த்தேன். வருடத்துக்கு அறுநூறு டப்பா, ஆயிரத்து இருநூறு பவுண்டு சோப்பு. சரியாக மூன்று பீப்பாய். நீலப் பீப்பாயில் போட்டிருந்த பங்குப்படி அதில் ரசாயனம் மட்டும் எழுபத்தெட்டு பவுண்டு. ரசீதில் இருக்கிற அறுபத்தொன்றோடு சேர்த்தால் போன வருடத்துக்கு நூற்று முப்பத்தொன்பது. முந்தின இரண்டு வருடத்துக்கும் நூறுக்கு மேலேதான், அந்தப் படிவங்களையும் அனுப்ப வேண்டும்.

"நேத்து ஞாபகமில்லன்னீங்களே?"

"அடுத்த வீட்ல கெணத்து மோட்டார் கெட்டுப் போச்சு. அந்தச் சின்னப் பொண்ணு டெஸ்ஸா, கைக்கொழந்தைக்காரி. ஒரு வாரமா எங்க வீட்ல தண்ணி புடிச்சுத்தான் பால் பவுடர் கலக்கறா. நேத்து சாயங்காலம் ட்ரூடி கேன ரொப்பி என் கைல குடுத்து, போய்க் குடுத்துட்டு வாங்கறா. நீ சொன்னது அத்தனையும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. கொண்டு போய்க் குடுத்தேன் வெர்லா. வாய் வரல. குடுத்துட்டு வந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ராத்திரி பூரா என்னையே காறித் துப்பிக்கிட்டு இருந்தேன்."

நான் படிவத்தைக் கணினியில் திறந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ரசாயனத்தின் பெயர், எண், உபயோகித்த அளவு, காற்றில் போனது, தண்ணீரில் போனது, மண்ணில் போனது. கட்டம் கட்டமாக நிரப்பினேன். கடைசிப் பக்கம் வந்தது.

"எதுக்கு ஊத்தினேன்னு எந்தக் கட்டத்துல எழுதணும்?" என்று கேட்டார்.

"உபயோகம்னு ஒரு கட்டம் இருக்கு. 'முலாம் பூசுவதில் துணைப்பொருள்'னு போட்டிருக்கேன்."

"அது இல்லம்மா. மூக்குக்காக ஊத்தினேன்னு. பசங்க மூக்குக்காகன்னு."

மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடினேன், அவருக்காக. "அதுக்குக் கட்டம் இல்ல லாம்பர்ட்."

"சரி" என்றார். "நம்பர மட்டும் ஒழுங்காப் போடு."

கர்ட் எட்டு மணிக்கு வந்தான். லாம்பர்ட் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. மூன்று படிவத்தையும் படித்தான்.

"மாமா, நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சது போதும்டா. போடு."

போட்டான். அந்தக் கையெழுத்துக்காக அவனை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"கவர்மெண்டு ஆள் வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடறேன்" என்று லாம்பர்ட் தொப்பியை எடுத்தார். "மாசக் கணக்காகும் அவன் வர்றதுக்கு. வெர்லா, நீ கூட வா. எனக்கு அந்த ரசாயனத்துப் பேரு வாயில நொழையாது."

கடைக்குப் போய் என் வண்டியின் பின்புறம் கொள்கிற வரைக்கும் தண்ணீர் பாட்டில் பெட்டிகளை அடைத்துக்கொண்டு வந்தேன். முதலில் டெஸ்ஸாவின் வீடு. தோளில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். லாம்பர்ட் தொப்பியைக் கழற்றி, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். நேற்று சாயங்காலம் தெரிந்தே கேனைக் கொடுத்ததையும் சொன்னார். அதை மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் கதவைச் சாத்திவிட்டாள். நாங்கள் படியிலேயே நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இப்ப இவனுக்கு என்ன குடுக்கறது?" என்று கேட்டாள்.

நான்கு பெட்டி இறக்கி வைத்தேன். அவள் லாம்பர்ட்டை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு நன்றி என்றார், எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது லாம்பர்ட்டின் சொந்த வீடு. ட்ரூடி பக்கவாட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் துணி மாட்டுகிற கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டே கையை ஆட்டினாள். லாம்பர்ட்டும் ஆட்டினார். ஆட்டிவிட்டு நடையை நிறுத்தாமல் அதற்கடுத்த வீட்டுக்குப் போனார்.

ஒரு வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள், அப்புறம் அவர்களே நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர், தொண்ணூறு வயது, "எனக்கு இனிமே என்ன ஆகப் போவுது, அந்தப் பாட்டில சின்னவங்களுக்குக் குடு" என்று திருப்பிக் கொடுத்தார். இன்னொருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவருடைய மனைவிக்குத் தைராய்டு அறுவை நடந்து ஒரு வருடம் ஆகிறது. இதனாலா என்று கேட்டார். தெரியாது என்றோம். ஒவ்வொரு வாசலிலும் லாம்பர்ட் முதல் வாக்கியத்தை ஒரே மாதிரி சொன்னார்: "நான்தான் ஊத்தினேன்."

பதினோராவது வீடு முடிய மத்தியானம் ஆகிவிட்டது. திரும்பி நடந்து தன் வீட்டுப் படியில் வந்து நின்றார்.

"நீ சொல்லிடேன் வெர்லா."

"மாட்டேன்" என்றேன். கல்நெஞ்சு என்று நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

சமையலறையில் ட்ரூடி குழாயடியில் கெட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். "தெரு பூரா சுத்திட்டு இப்பத்தான் வீடு தெரிஞ்சுதா? என்ன, ரெண்டு பேரும் எலெக்‌ஷன்ல நிக்கறீங்களா?" என்று சிரித்தாள். லாம்பர்ட் போய்க் குழாயை மூடினார். பிறகு சொன்னார். ஸ்லாகர், பீப்பாய், டப்பா, வெடித்த தரை, நேற்றுக் கொடுத்த கேன். எதையும் விடவில்லை. ட்ரூடியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"மத்த பதினோரு வீட்லயும் சொல்லியாச்சா?"

"ஆச்சு."

"முப்பத்தஞ்சு வருஷமா இந்தத் தண்ணியில ஆக்கிப் போட்டிருக்கேன். கட்டின பொண்டாட்டி உனக்குப் பன்னெண்டாவதாய்யா?"

"உங்கிட்ட மொதல்ல சொல்லியிருந்தா, மத்த வீட்டுக்குப் போறதுக்கு எனக்குக் கால் எழுந்திருக்காது ட்ரூடி."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கெட்டிலைத் தூக்கி, இருந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"காப்பி கெடையாது. பால் இருக்கு. குடிக்கறியா வெர்லா?"

"குடிக்கறேன்."

கண்ணாடி டம்ளரை எடுக்கப் போனவள், அதுவும் அந்தத் தண்ணீரில் கழுவியதுதான் என்று நினைவு வந்தோ என்னவோ, கையை இழுத்துக்கொண்டாள். மேல் அலமாரியைத் திறந்து, சர்ச் விருந்துக்கு வாங்கி வைத்திருந்த காகிதக் கோப்பைக் கட்டைப் பிரித்தாள். எனக்கொன்று, அவளுக்கொன்று வைத்தாள். கொஞ்சம் தயங்கி நின்றாள். பிறகு மூன்றாவதையும் எடுத்து லாம்பர்ட்டின் முன்னால் வைத்து, அதில் முதலில் பாலை ஊற்றினாள்.